ஜன்னல் வழியாக விற்ற பிள்ளை

கிளீவ்லாண்டு
1939 ஜனவரி 22

அன்புள்ள ஷரோல்தா அக்காவுக்கு,

உங்கள் வில்மா எழுதுகிறேன். நீங்களும் தெனேஷ் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டையோடு கடமையை முடித்துக்கொள்கிறவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாளே, என்ன காரியமோ என்று நீங்கள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொள்வது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. காரியம்தான் அக்கா. நல்ல காரியம்.

எதெல்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பையன் பெயர் யெனோ. நம் ஆட்கள்தான், நம் சபைதான். அப்பா ரொட்டிக்கடை வைத்திருக்கிறார், பையன் ரொட்டி வண்டி ஓட்டுகிறான். இங்கேயே பிறந்தவன் என்பதால் நம் ஹங்கேரி பாஷையை வெந்த உருளைக்கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போலப் பேசுகிறான். எதெல்கா அவனைத் திருத்திக்கொண்டே இருக்கிறாள், அவனும் திட்டு வாங்குவதற்காகவே தப்புத்தப்பாகப் பேசுகிறான். ஈஸ்டர் முடிந்து, ஏப்ரல் கடைசி சனிக்கிழமை கல்யாணம்.

பாருங்கள், "என் மகளுக்கு" என்று எழுத வந்த கை தானாக நின்று "எதெல்காவுக்கு" என்று எழுதுகிறது. இதைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

அவளை நான் உங்களிடமிருந்து திருப்பி வாங்க வேண்டும் அக்கா. இரண்டு பையன்களைத் தொட்டிலிலிருந்தே குழிக்கு அனுப்பிவிட்டு இவளைப் பெற்றபோது, இவளையாவது சாவு விட்டுவைக்கட்டும் என்று ஜன்னல் வழியாக உங்களுக்கு விற்றேனே, அந்த விற்பனையை முறிக்க வேண்டும். மணப்பெண் ஆவதற்கு முன் பெற்றவள் திருப்பி வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் கையால் பெண்ணை அனுப்பக்கூடாது என்று அன்று விதி சொன்னதே நீங்கள்தான். நீங்கள் விலையாகக் கொடுத்த அந்தப் பழைய ஊர்ச் செப்புக்காசை இத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தோடு துணியில் தைத்து அனுப்பியிருக்கிறேன். அதை வாங்கிக்கொண்டு, சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லி, முடிந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். போதும்.

கால்மான் கேலி பண்ணுகிறார். "வீட்டுல ரேடியோ பாடுது, நீ இன்னும் சாவோட வியாபாரம் பண்ணிக்கிட்டிருக்கியா"ங்கிறார். பண்ணட்டும். அவருக்கென்ன, பெற்றது நான்தானே.

எதெல்கா தையல் தொழிற்சாலைக்குப் போய்வருகிறாள். பஞ்சுத் தூசியில் கொஞ்சம் இருமல், மற்றபடி நல்ல சுகம்.

உங்கள் அன்புத் தங்கை,
வில்மா

*

கிஷ்ஃபலு, லூசியானா
1939 பிப்ரவரி 12

அன்புள்ள வில்மா,

கடிதம் கிடைத்தது. காசும் கிடைத்தது. கல்யாணச் செய்தி படித்துச் சந்தோஷம். தெனேஷுக்குப் படித்துக் காட்டினேன். "ரொட்டி வண்டியா? அப்ப பசியில்லாம இருப்பா" என்றார். அவருக்கு எப்போதும் வயிறுதான் முதலில்.

இங்கே இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை. உறைபனி விழும் என்று சொன்னார்கள். ஸ்ட்ராபெரிச் செடி எல்லாம் பூ விட்டு நிற்கிறது. ஊர் முழுக்கக் குனிந்து பைன் சருகை அள்ளி ஒவ்வொரு செடியாக மூடினோம், பிறகு விடியும்போது பிள்ளைக்குப் போர்வை விலக்குவது போல விலக்கினோம். இடுப்பு என் இடுப்பாக இல்லை. பரவாயில்லை, மார்ச்சில் பழம் நன்றாக வரும்.

உன் பையன்கள் இருவரின் குழிமேலும் புல் செதுக்கி, மணல் போட்டு வைத்திருக்கிறேன். நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை.

இனி காரியத்துக்கு வருகிறேன். தபாலில் பிள்ளையை விற்கிற வழக்கம் நம்மில் கிடையாது வில்மா. அன்று எப்படி நடந்தது என்று மறந்துவிட்டாயா? நீ படுக்கையறை ஜன்னலுக்கு உள்ளே நின்றாய், எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கால்மானின் தோளைப் பிடித்துக்கொண்டு. நான் வெளியே, கால் மூழ்குகிற சேற்றில். "விக்கிறியா?" என்று கேட்டேன். "விக்கிறேன், இது எனக்கு வேண்டாத பிள்ளை" என்றாய். நான் காசைக் கொடுத்து, பிள்ளையை வாங்கி, வெள்ளைக் குல்லாவை அதன் தலையில் போட்டு, வீட்டைச் சுற்றி வந்து வாசல் கதவைத் தட்டினேன். "என் பிள்ளைக்கு ஒரு தாய் வேணும். இந்த வீட்டுல இருக்காளா?" என்றேன். நீ, "இருக்கேன்" என்று மூக்கால் முனகினாய். முனகினது என் காதிலேயே சரியாக விழவில்லை. நாம் பேசியதையெல்லாம் சாவு கேட்டுக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் பிள்ளையே இல்லை என்று நம்பிப் போய்விட்டது. எதெல்கா இருக்கிறாள்.

அதே ஜன்னல் வேண்டும். விற்றவளும் வாங்கினவளும் அங்கே நிற்க வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு வா. ரயில் ஓடுகிறது, எங்கள் வீட்டில் கட்டில் இருக்கிறது. பதின்மூன்று வருஷமாக நான் அவளைப் பார்க்கவில்லை. நான் தோட்டத்துக்குப் போயிருந்த காலையில் நீங்கள் மூட்டை கட்டி ரயிலேறிவிட்டீர்கள். திரும்பி வந்து பார்த்தால் அந்தக் குல்லா என் கதவுக் கொண்டியில் தொங்குகிறது. அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

வர முடியாது என்றால் இப்படியே இருக்கட்டும். சாவு நம்பினது நம்பினதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். காசைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இருமல் என்று எழுதியிருக்கிறாய். வெங்காயத்தைத் தேனில் ஊறவைத்துக் கொடு. நெஞ்சில் பன்றிக்கொழுப்புத் தடவு. நாளைத் தள்ளாதே.

ஷரோல்தா

*

கிளீவ்லாண்டு
1939 மார்ச் 5

ஷரோல்தா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை. தொட்டிருந்தால் இதைவிட மோசமாக எழுதியிருப்பேன்.

கூட்டிக்கொண்டு வா என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். அவளுக்குத் தொழிற்சாலையில் லீவு கிடையாது. கிடைத்தாலும் கூட்டிவர மாட்டேன். அதை நேராகவே எழுதுகிறேன். வந்தால் அவள் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். நான் சுவரோரமாகக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். போதும் அக்கா, நான் நின்றது போதும்.

ரயிலேறினது தெரிகிறதே, ஏன் ஏறினேன் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? அந்த வருஷத்து அறுவடை ஆட்டம் நினைவிருக்கிறதா? மண்டபத்துக் கூரையில் திராட்சைக் குலை கட்டித் தொங்குகிறது, ஆடுகிற சாக்கில் எல்லோரும் திருடுகிறார்கள், காவல்காரர்கள் பிடித்து நீதிபதி வேஷம் போட்ட பெர்த்தலான் மாமாவிடம் இழுத்துப் போகிறார்கள். ஏழு வயசு எதெல்காவையும் இழுத்துப் போனார்கள், வாய் நிறையத் திராட்சையோடு.

"யார் வீட்டுத் திருடி இவ? அபராதம் கட்ட பெத்தவ எங்க?" என்றார் மாமா.

நான் எழுந்தேன். இவள் கையை நீட்டி உங்களைக் காட்டினாள். "நான் ஷரோல்தா அம்மாவோட பொண்ணு. அந்தாண்ட இருக்கறவங்க என்னைப் பாத்துக்கறவங்க."

மண்டபமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே போய் அபராதம் கட்டி, அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தீர்கள். நான் எழுந்தவள் எழுந்தபடியே நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே வந்தும் விதியை நான் மீறவில்லை. விற்பனை முறியாமல் "என் மகள்" என்று சொன்னால் சாவுக்குக் கேட்டுவிடுமே என்று பயம். முதல் நாள் பள்ளிக்கூடத்தில், "நீங்கள் இவளுடைய அம்மாவா?" என்று டீச்சர் கேட்டாள். "நான் பார்த்துக்கொள்கிறவள்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். மறுவாரம் அரசாங்கத்திலிருந்து தொப்பி போட்ட ஓர் அம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டாள், பிள்ளை யாருடையது, எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று. கால்மான் ஞானஸ்நானச் சீட்டைக் காட்டிச் சமாளித்தார். நான் சமையலறையில் நின்று அழுதேன். ஊரார் கேட்டால் சிரிப்பார்கள். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் எதெல்கா கேட்டாள்: "ஒரு தடவைகூட நீ என்னை உன் மகள்னு சொன்னதில்லையே. உண்மையைச் சொல்லு, என்னை எங்கேருந்து எடுத்தீங்க?" ஜன்னல் கதையைச் சொன்னேன். நம்பவில்லை. இந்தக் காலத்துப் பெண், எப்படி நம்புவாள்?

எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை அக்கா. கோவிலில் அவள் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது ஒரே ஒரு தடவை, எல்லோருக்கும் கேட்கும்படி, "இது என் மகள்" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனையும். நீங்கள் காசு கொடுத்து வாங்கினீர்கள், நான் வயிறு கிழிந்து பெற்றேன். காசை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். இதையும் திருப்பினால் இனி நான் எழுத மாட்டேன்.

வில்மா

*

கிஷ்ஃபலு
1939 ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

வில்மா,

நான் சிரித்தது உண்மை. நீ எழுந்து நின்றதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன். இதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன்.

உங்கள் பழைய வீட்டில் இப்போது பார்க்கர் என்று ஒரு குடும்பம் இருக்கிறது. நம் ஆட்கள் இல்லை, ஆனால் நல்ல ஜனங்கள். ஜன்னலுக்குப் பச்சைச் சாயம் அடித்திருக்கிறார்கள், ஜன்னல் அதே ஜன்னல்தான். கோவில் முடிந்து போய்க் கதவைத் தட்டினேன். எனக்கு இங்கிலீஷ் வராது, அந்த அம்மாளுக்கு நம் பாஷை வராது. பக்கத்து வீட்டு மர்கித் வந்து எடுத்துச் சொன்னாள். "இந்தக் கிழவி உங்க ஜன்னல் வழியா ஒரு பிள்ளையை விக்கணுமாம்" என்று சொன்னாளாம். பார்க்கர் அம்மாள் பயந்துபோய்த் தன் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தாள். பிறகு விஷயம் புரிந்ததும் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு, ஏதோ ஞானஸ்நானத்துக்கு நிற்பது போல நிமிர்ந்து நின்றாள்.

அவள் உள்ளே நின்றாள், உனக்குப் பதிலாக. நான் வெளியே நின்றேன். எதெல்காவின் குல்லாவை ஜன்னல் வழியாக நீட்டினேன். "விக்கிறேன், பெத்தவளே எடுத்துக்கட்டும்" என்றேன். நீ அனுப்பின காசை முன்னமே அவளிடம் கொடுத்திருந்தேன், அவள் என் கையில் வைத்தாள். முடிந்தது. தெனேஷ் வேலிக்கு அந்தப்புறம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும், "சரி, நமக்கு இனிமே பிள்ளை இல்ல" என்றார். நான் அவரைத் திட்டினேன். அப்புறம் நானும் அழுதேன்.

குல்லா இதோடு வருகிறது. வாங்கினது உன் கைக்கு வர வேண்டும். இனி எந்த இடத்தில் வேண்டுமானாலும் சொல், கோவிலில் சொல், தெருவில் நின்று சொல். அவள் உன் மகள்.

கல்யாணத்துக்கு இங்கே பெண்கள் எல்லாரும் கூடி சூப்பில் போடுகிற நத்தைச் சுருள் மாவு உருட்ட உட்கார்ந்திருக்கிறோம். ரொட்டிக்கடைக்காரர்களை நம்பி நம் கல்யாணச் சூப்பைக் கெடுத்துவிடக் கூடாது. அடுத்த வாரம் பொட்டலம் அனுப்புகிறேன்.

அந்த இருமல் நின்றதா என்று நீ எழுதவே இல்லை.

ஷரோல்தா

*

கிளீவ்லாண்டு
1939 ஏப்ரல் 19

அக்கா, என் அக்கா,

பொட்டலத்தை அனுப்பாதீர்கள். கல்யாணம் நின்றுவிட்டது.

புனித வெள்ளி அன்று உங்கள் கடிதம் வந்தது. குல்லாவைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோவில் வரை காத்திருக்கக்கூட முடியவில்லை. எதெல்கா வேலையிலிருந்து தெருமுனையில் வருகிறாள், நான் வாசல்படியில் நின்று, "இந்தா வர்றா பாருங்க, என் மகள்! என் மகள் எதெல்கா!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஐரிஷ்காரி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். எதெல்கா, "அம்மா, குடிச்சிருக்கியா?" என்று சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். சிரிப்பில் இருமல் வந்தது. இருமல் நிற்கவில்லை. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு.

அந்த நிமிஷமே அக்கா. நான் சொல்லி வாய் மூடவில்லை.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். காசநோய் நுரையீரலில் புகுந்துவிட்டது என்கிறார், வந்து பல மாதமாகியிருக்குமாம். பல மாதமாவது? அவருக்கு என்ன தெரியும். ஊருக்கு வெளியே நெஞ்சுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டோம். அங்கே ஜன்னலை மூடுவதே இல்லை. குளிரோ மழையோ திறந்தே இருக்கிறது, காற்றுதான் மருந்தாம். யெனோ தினமும் வண்டி முடித்துவிட்டுப் போகிறான். உள்ளே விடமாட்டேன் என்றால் தோட்டத்தில் நின்று பேசிவிட்டு வருகிறான், அதே தப்புப் பாஷையில். அவள் இப்போதெல்லாம் திருத்துவதில்லை. பேசினால் மூச்சு வாங்குகிறது.

கேலி பண்ணின கால்மானே நேற்று, "அக்காவுக்கு எழுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார், போய்ப் படுத்துவிட்டார்.

எனக்கு வேண்டாம் அக்கா. அவளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நான் அவளுக்கு யாரும் இல்லை, பார்த்துக்கொள்கிறவள்தான், இனி சாகிறவரைக்கும் வேறு சொல் என் வாயில் வராது. மண்டபத்தில் அவள் உங்களைக் காட்டட்டும், நூறு தடவை காட்டட்டும், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஒரு பொத்தானைக் கொடுத்து வாங்குங்கள், ஒரு பழத்தைக் கொடுத்து வாங்குங்கள், ஆனால் சீக்கிரம் வாங்குங்கள். குல்லாவை இதோடு அனுப்புகிறேன். எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

வில்மா

*

கிஷ்ஃபலு
1939 ஏப்ரல் 24

என் தங்கமே வில்மா,

அழுததெல்லாம் போதும், முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து படி.

குருத்தோலை ஞாயிறு அன்று நான் விற்றது செல்லாது. திருப்பி வாங்குகிறவள் பெற்றவளாக இருக்க வேண்டும். பச்சை ஜன்னலுக்குள் நின்ற பார்க்கர் அம்மாளா எதெல்காவைப் பெற்றாள்? அது உன் மனசு ஆறட்டும் என்று செய்தது. நானே நம்பாததைச் சாவு நம்பியிருக்குமா? ஆகையால் நீ கத்தினதால் ஒன்றும் நடக்கவில்லை. நீ யாருக்கும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் என் பிள்ளையாகத்தான் நோயில் விழுந்தாள், என் பிள்ளையாகத்தான் எழுந்திருக்க வேண்டும். டாக்டர் சொன்னதை நம்பு. ஜனவரியிலேயே உன் கடிதத்தில் இருமல் இருந்தது.

என்றாலும் இந்த விஷயத்தில் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது. அதனால் வருகிறேன். தெனேஷிடம் சொன்னேன். பழம் பறிக்கிற உச்சக் காலம், பெட்டிகள் ஷெட் வரை அடுக்கிக் கிடக்கின்றன. "இப்பவா?" என்றார். "அடுத்த வருஷமும் பழம் பழுக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, எழுந்து போய் மேலேயிருந்து பெட்டியை இறக்கினார். மர்கித்தும் பார்க்கர் அம்மாளும் எங்கள் வரிசையையும் சேர்த்துப் பறிக்கிறார்கள். பார்க்கர் அம்மாள் எதெல்காவைப் பற்றித் தினம் கேட்கிறாள். ஒரு நிமிஷம் தன் பிள்ளையாக இருந்தவள் ஆயிற்றே என்கிறாளாம்.

வியாழக்கிழமை ரயில். சனிக்கிழமை காலை வந்துவிடுவேன், கல்யாணம் என்று குறித்திருந்த அதே நாள். கால்மானை ஸ்டேஷனுக்கு அனுப்பு, இங்கிலீஷ் ஊரில் நான் தொலைந்துபோவேன். உருட்டின நத்தைச் சுருளை எடுத்து வருகிறேன், கோழி வாங்கி வை. நோயாளிக்கு அந்தச் சூப்பைவிட நல்லது என்ன இருக்கிறது? மிச்சத்தை அந்தப் பையன் குடிக்கட்டும். மழையில் தோட்டத்தில் நிற்கிறவன் நல்லவனாகத்தான் இருப்பான், பாஷையைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

அங்கே ஜன்னலை மூடுவதே இல்லை என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. படுக்கை மாடியில் இருந்தால் கீழே மாற்றச் சொல், எனக்கு ஏணி ஏறுகிற வயசில்லை. நீ உள்ளே அவள் பக்கத்தில் நில். நான் வெளியே வந்து நிற்கிறேன், அந்தக் காசு என்னிடம்தான் இருக்கிறது. இருபது வயசுப் பெண்ணை ஜன்னலில் தூக்கிக் கொடுக்க முடியாது. கையை மட்டும் வெளியே நீட்டச் சொல், நான் பிடித்துக்கொள்கிறேன்.

பிறகு சுற்றிக்கொண்டு வாசலுக்கு வருவேன். நர்ஸ் என்ன சொன்னாலும் காதில் வாங்க மாட்டேன், எனக்குத்தான் இங்கிலீஷ் வராதே. கதவைத் தட்டி, "என் பிள்ளைக்கு ஒரு தாய் வேணும். இந்த வீட்டுல இருக்காளா?" என்று கேட்பேன்.

என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும். அந்த இடத்தை நான் ஒரு நாளும் எடுத்துக்கொள்ளவில்லை வில்மா, அது எப்போதும் உனக்காகத்தான் இருந்தது. அன்றைக்கு மூக்கால் முனகினாய். இந்தத் தடவை சத்தமாகச் சொல். அவள் காதில் விழ வேண்டும்.

உன் அக்கா,
ஷரோல்தா